ஆணையால் வந்த சடை

1645-ஆம் ஆண்டு ஜூலை மாதம், சிறுவனாக இருந்த பேரரசர் ஷுன்ஷியின் பெயரில் ஆட்சியை நடத்திக்கொண்டிருந்த மஞ்சு இளவரசர் டோர்கோன் சீனா முழுமைக்கும் ஓர் ஆணை பிறப்பித்தார். ஆணை எட்டிய பத்து நாளுக்குள் ஆண்கள் முன்தலையை மழித்துவிட்டு, மிஞ்சும் முடியைச் சடையாகப் பின்னித் தொங்கவிட வேண்டும், மறுப்பவருக்கு மரணம். 1912-ஆம் ஆண்டு மார்ச் மாதம், புதிதாகப் பிறந்த சீனக் குடியரசின் தற்காலிகத் தலைவர் சுன் யாட் சென் இன்னோர் ஆணை பிறப்பித்தார். இருபது நாளுக்குள் அந்தச் சடையை எல்லோரும் வெட்டிவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே 267 ஆண்டுகள். முதல் ஆணை வந்தபோது சடை வேண்டாம் என்று ஊர் ஊராக உயிரை விட்டார்கள். இரண்டாவது ஆணை வந்தபோது சடை போகிறதே என்று அழுதார்கள். இந்தத் திருப்பத்துக்கு வழக்கமாக இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. அடித்துப் பழக்கிய அடிமைத்தனம் என்பது ஒன்று. எந்த வழக்கமும் நாளாக ஆக மரபாகிவிடும் என்பது மற்றது. இரண்டும் பாதிதான் சரி. அந்தச் சடையின் வடிவம் காலப்போக்கில் மாறிய விதத்தைப் பார்த்தால், அரசு தலையில் கட்டியதை மக்கள் அப்படியே சுமந்துகொண்டிருக்கவில்லை என்பது தெரிகிறது. தங்கள் கையாலேயே அதை வேறொன்றாக வளர்த்துக்கொண்டார்கள். 1912-இல் அவர்கள் அழுதது தாங்கள் வளர்த்த அந்தச் சடைக்காகத்தான்.

முதலில், 1645-க்கு முன் என்ன இருந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். மிங் அரசர்கள் காலத்தில் சீன ஆண்கள் முடியை வெட்டாமல் வளர்த்து, உச்சியில் கொண்டையாக முடிந்து, அதன்மேல் வலைத்தொப்பி அணிந்தார்கள். உடலும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றுக்கு ஊறு செய்யாமல் இருப்பதே பெற்றோர்க்குச் செய்யும் கடமையின் தொடக்கம் என்பது கன்பூசியஸ் வழிவந்த போதனை. பள்ளிக்குப் போன ஒவ்வொரு பிள்ளையும் அதை மனப்பாடம் செய்தது. முடியை மழிப்பது குற்றவாளிக்குத் தரும் தண்டனை, இல்லையென்றால் துறவியின் அடையாளம். மஞ்சுகளோ வடகிழக்கு எல்லைக்கு அப்பாலிருந்து வந்த குதிரைவீரர்கள். முன்தலை மழித்துப் பின்சடை விடுவது அவர்கள் குலவழக்கம். அவர்களுடைய முன்னோரான ஜுர்ச்சன்கள் 1129-இலேயே வடசீனாவில் இதே வழக்கத்தைத் திணித்துப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. 1644-இல் பெய்ஜிங்குக்குள் நுழைந்ததும் டோர்கோனும் மழிக்கச் சொன்னார், எதிர்ப்பைப் பார்த்துச் சில வாரங்களில் பின்வாங்கினார். மறுவருடம் தெற்கே நான்ஜிங் வீழ்ந்து, பெரும்பகுதி கைக்குள் வந்துவிட்டது என்ற நம்பிக்கை பிறந்த பிறகே பத்து நாள் கெடு வந்தது. போர்க்காலத்தில் அதில் ஒரு கணக்கும் இருந்தது. யார் பணிந்தவன், யார் பணியாதவன் என்பதைக் குதிரைமேல் இருந்தபடியே நெற்றியைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஆணை வந்த நேரத்தில் யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதி ஊர்கள் பல ஏற்கெனவே சரணடைந்திருந்தன. புதிய அரசுக்கு வரி கட்டவும் புதிய அதிகாரியை ஏற்கவும் அவை தயாராக இருந்தன. ஆள்பவர் மாறுவதைப் பொறுத்துக்கொண்டவர்கள் தலையில் கத்தி வைப்பதைப் பொறுக்கவில்லை. ஜியாங்யின் என்ற மதில்சூழ்ந்த ஊர் சரணடைந்த நிலையிலிருந்து திரும்பி எழுந்தது. யான் யிங்யுவான் என்ற முன்னாள் சிறு அதிகாரியைத் தலைவராக வைத்துக்கொண்டு 81 நாள் முற்றுகையைத் தாங்கியது. ஊர் விழுந்தபோது உள்ளே இருந்தவர்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். பக்கத்து ஜியாடிங்கில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை படுகொலை நடந்தது. தப்ப நினைத்த படிப்பாளிகளில் பலர் முழுத்தலையையும் மழித்துப் புத்த பிக்குகள் ஆனார்கள். துறவிகளுக்கு ஆணையிலிருந்து விலக்கு இருந்தது. மிங் அரச குடும்பத்தில் பிறந்து பின்னாளில் சீன ஓவியத்தின் பெரும்புள்ளிகளாக மதிக்கப்பட்ட ஷிதாவ், படா ஷான்ரென் இருவரும் இப்படி மடத்துக்குள் போனவர்கள். பெண்களின் கூந்தலில் ஆணை கைவைக்கவில்லை. நாடக மேடையில் பழைய உடையும் பழைய கொண்டையும் தொடர்ந்தன. மற்ற எல்லோருக்கும் வேறு வழி இல்லை. 1654-இல் சென் மிங்ஷியா என்ற சீன அமைச்சர், முடியை வளர்க்கவும் பழைய உடை உடுத்தவும் விட்டால் நாடு அமைதியாகிவிடும் என்று பேசியதும் அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்களில் ஒன்றாயிற்று. அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது.

அந்தக் காலத்துச் சடை எப்படி இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகிற இடம். இன்று நாம் படங்களில் பார்க்கும் கனத்த, இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை அது இல்லவே இல்லை. உச்சந்தலையில் ஒரு நாணய அளவு வட்டத்தை மட்டும் விட்டுவிட்டுத் தலையின் மற்ற பகுதி முழுவதையும் மழித்தார்கள். அந்த வட்டத்து முடியைப் பின்னினால் எலிவால் கனத்தில் ஒன்று கிடைக்கும். நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக்காசின் ஓட்டைக்குள் அந்தப் பின்னல் நுழைய வேண்டும் என்பது அளவு. பத்துப் பங்கு முடியில் ஒன்பது பங்குக்கு மேல் போய்விட்ட தலை அது. அழகு என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. பணிந்தேன் என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். அந்த ரசீதும் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளக்கூடியது அன்று. முடி வளர்ந்துகொண்டே இருக்கும். சில நாள் கத்தி படாவிட்டால் நெற்றிக்கு மேலே நிழல் படரும், பார்ப்பவனுக்குச் சந்தேகம் வரும். ஆகவே பணிவை மாதத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது புதுப்பித்தாக வேண்டும். வாயால் எடுக்கும் உறுதிமொழிக்கு இல்லாத பிடிமானம் இந்த மழிப்புக்கு இருந்தது இதனால்தான்.

அந்தப் புதுப்பித்தலைச் செய்தவர் நாவிதர். தோளில் காவடித்தண்டு, அதன் ஒரு முனையில் கரியடுப்பும் வெந்நீரும் பித்தளைப் பாத்திரமும், மறு முனையில் வாடிக்கையாளர் உட்கார ஒரு சிறு பெட்டி, அந்தப் பெட்டியின் இழுப்பறைகளுக்குள் கத்தியும் சீப்பும். தெருவோரம் இறக்கி வைத்தால் அதுவே கடை. முன்தலையை வெந்நீரில் ஊறவைத்து மழிப்பார், பின்முடியைப் பிரித்து அலசி மரச்சீப்பால் சிக்கெடுப்பார், மூன்று கால் எடுத்து இறுக்கிப் பின்னுவார், பின்பு காதுக்குறும்பியையும் எடுத்துவிடுவார். உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நேரம் ஓய்வு, ஊர்க்கதை, உடம்புக்கு இதம். ஆணையின் அச்சம் அடுத்த தலைமுறைக்கு மங்கி, அதற்கடுத்த தலைமுறைக்கு இந்தச் சுகம் மட்டும் எஞ்சியதில் வியப்பில்லை. ஒரு வழக்கத்தின் வேர் எங்கே இறங்குகிறது என்று கேட்டால், சட்டப் புத்தகத்தைவிட அந்தச் சிறு பெட்டிமேல் உட்கார்ந்திருந்த நேரங்களில்தான் அது இறங்கியது என்பேன்.

இங்கேதான் சடையின் கனம் சான்றாக வருகிறது. காசளவு வட்டம் மெல்ல மெல்லப் பெருத்தது. உச்சியில் இருந்த அது பின்னந்தலை முழுவதும் பரவியது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் முன்தலைப் பிறையை மட்டும் மழித்தால் போதும் என்றாகிவிட்டது. எஞ்சிய தலை முழுவதும் முடி. அதை அள்ளிப் பின்னினால் கைப்பிடி கனத்தில் சடை வரும். இப்படிக் கனமாக்கு என்று எந்த அரசனும் ஆணையிடவில்லை. கத்தி ஆண்டுக்கு ஒரு நூலளவு பின்வாங்கியது, அவ்வளவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படங்களில் பார்த்தால் இளைஞர்களின் சடை முழங்காலைத் தொடுகிறது. முடி அடர்த்தியாக உள்ளவனுக்குப் பெருமை. அடர்த்தி இல்லாதவன் நம் ஊரில் பெண்கள் சவுரி வைத்துப் பின்னுவதைப் போலப் பொய்முடி சேர்த்துப் பின்னினான். கீழ்ப்பாதியில் கருப்புப் பட்டுக்கயிறு சேர்த்துப் பின்னி, நுனியில் குஞ்சலம் விட்டார்கள். வீட்டில் சாவு என்றால் வெள்ளைக் கயிறு. வேலை செய்யும்போது சடையைத் தலையைச் சுற்றி வரிந்துகொள்வார்கள்; பெரியவர் முன்னால் போகும்போது அவிழ்த்துத் தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. மழிக்கும் இடம்தான் அரசின் ஆணை. பின்னும் இடத்தில் மக்கள் தங்கள் அழகையும் துக்கத்தையும் மரியாதையையும் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

இந்த மாற்றத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சாட்சியம் இருக்கிறது. 1768-இல் செஜியாங் மாகாணத்தில் ஒரு வதந்தி கிளம்பியது. மந்திரவாதிகள் திரிகிறார்கள், ஆளறியாமல் சடை நுனியைக் கத்தரித்து அதன்வழி உயிரையே களவாடுகிறார்கள் என்று பேச்சு. பிச்சைக்காரர்களும் அலைந்து திரியும் பிக்குகளும் ஊர் ஊராகப் பிடித்து அடிக்கப்பட்டார்கள். சியன்லோங் பேரரசர் நேரடியாகத் தலையிட்டு விசாரணையை விரட்டினார். மாதக்கணக்கில் தேடியும் ஒரு மந்திரவாதியும் அகப்படவில்லை. பிலிப் கூன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் அரண்மனை ஆவணங்களைக் கொண்டு இதை ஒரு முழு நூலாகவே எழுதியிருக்கிறார். பேரரசருக்கு உள்ளூர இருந்த பயம் வேறு. சடையை வெட்டுவது ராஜதுரோகம், இது கலகத்தின் தொடக்கமோ என்ற பயம். மக்களின் பயமோ தங்கள் உயிர் அந்தப் பின்னலில் இருக்கிறது என்பது. ஒரே சடையில் அரசன் தன் ஆட்சியைக் கண்டான், குடியானவன் தன் ஆன்மாவைக் கண்டான். ஆணை பிறந்து 123 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

உயிர்ப்பயத்தால் வைத்திருந்தார்கள், அதற்கு இத்தனை விளக்கம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சிங் என்ற மஞ்சு அரசின் ஆயுதம் எட்டுகிற வரை அந்தப் பயம் உண்மைதான். 1748-இல் பேரரசி இறந்து நூறு நாள் துக்கம் முடிவதற்குள் தலையை மழித்துக்கொண்ட உயர் அதிகாரிகளே கடுமையாகத் தண்டிக்கப்பட்டார்கள். மழிக்காததும் குற்றம், மழிக்கக்கூடாத நாளில் மழிப்பதும் குற்றம். ஆனால் அந்த ஆயுதம் எட்டாத இடங்கள் இருந்தன. மலாக்காவிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தலைமுறை தலைமுறையாகத் தங்கி, வீட்டில் மலாய் பேசி, பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வாழ்ந்த பாபா சீனர்களை எந்தச் சீன அதிகாரியும் தொட முடியாது. அவர்கள் சடையை விடவில்லை. எடின்பரோவில் மருத்துவம் படித்துத் திரும்பிய லிம் பூன் கெங் 1890-களின் இறுதியில் சிங்கப்பூரில் சடை நீக்கும் இயக்கத்தைத் தொடங்கியபோது அவரை எதிர்த்துக் கொதித்தவர்கள் அவருடைய சொந்தச் சமூகத்தார்தான். பயம்தான் காரணம் என்றால் அங்கே சடைக்கு வேலையே இல்லை.

சான் பிரான்சிஸ்கோவின் சாட்சியம் இன்னும் உறுதியானது. நெரிசலான அறைகளில் தூங்கியதற்காகச் சீனத் தொழிலாளர்களை அந்த நகராட்சி சிறையில் தள்ளிக்கொண்டிருந்தது. அபராதம் கட்டாமல் அவர்கள் சிறைக்கே போவதைக் கண்டு 1876-இல் ஒரு விதி கொண்டுவந்தது. சிறைக்கு வரும் ஆண்கள் எல்லோரின் முடியையும் ஓர் அங்குலம் விட்டு வெட்டிவிட வேண்டும் என்பது அந்த விதி. ஹோ ஆ கோ என்ற தொழிலாளி 10 டாலர் அபராதம் கட்டாமல் ஐந்து நாள் சிறைக்குப் போனார், சடை வெட்டப்பட்டது. அவர் சிறை அதிகாரி நூனன்மீது வழக்குப் போட்டார். சடை இல்லாமல் இருப்பது அவமானம், மறுமையிலும் துன்பம் தரும் என்பது அவர் தரப்பு. 1879-இல் நீதிபதி ஸ்டீபன் ஃபீல்ட், விதி பொதுவாக எழுதப்பட்டிருந்தாலும் சீனர்களைக் குறிவைத்ததே, சட்டத்தின்முன் எல்லோரும் சமம் என்ற அமெரிக்க அரசியல் சாசனத் திருத்தத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 10,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. ஊருக்குத் திரும்ப வேண்டியிருப்பதால்தான் சடையைக் காத்தார்கள் என்பவர்களுக்கும் இதில் விடை இருக்கிறது. திரும்பும் எண்ணம் பலருக்கு இருந்தது உண்மை. ஆனால் நீதிமன்றத்தில் அந்தத் தொழிலாளி வைத்த வாதத்தில் மஞ்சு அரசனின் ஆணை வரவில்லை. மானமும் மறுமையும்தான் வந்தன. முன்னோர் எந்த மானத்தின் பெயரால் சடையை மறுத்துச் செத்தார்களோ, அதே மானத்தின் பெயரால் இவர் அதற்காக வழக்காடி வென்றார்.

நம் ஊருக்கு மிக அருகிலும் ஒரு சாட்சி உண்டு. மலாய்க் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் நீலகிரியில் நடுவட்டம் பக்கம் சின்கோனாத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். தண்டனை முடிந்த சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே மலைச்சரிவிலேயே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அங்கே ஒரு குடும்பத்தைச் சந்தித்து எழுதிவைத்திருக்கிறார். அந்தக் குடும்பத் தலைவருக்கு ஒரே ஒரு மனக்குறைதான் இருந்ததாம். கிறிஸ்தவராக மாறியபோது தன் சடையை வெட்டவேண்டி வந்ததே என்பது அது. சீனா போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, கைதியாகக் கடல் கடந்தாயிற்று, மொழியும் மதமும் மாறிவிட்டன. அத்தனை இழப்புக்கும் பிறகு அவர் குறையாகச் சொன்னது இதை மட்டும். அவரிடம் சடையை வெட்டச் சொன்ன அதே மதபோதகர் உலகத்தில், தமிழ்க் கிறிஸ்தவர்கள் குடுமி வைக்கலாமா கூடாதா என்ற சண்டையும் அப்போது நடந்துகொண்டிருந்தது. குடுமி இந்துமத அடையாளம், அதை நீக்கினால்தான் மனமாற்றம் முழுமை என்றார்கள் ஒரு சாரார். இடையன்குடியில் இருந்த ராபர்ட் கால்டுவெல் 1867-இல் குடுமியைப் பற்றியே ஒரு சிறுநூல் எழுதி, அது நாட்டு வழக்கமே ஒழிய மதச்சின்னம் அன்று என்று வாதாடினார். அவர் அணுகிய முறை சரியானது என்றே நினைக்கிறேன். முடியின் பொருளை அதன் பிறப்பில் தேடுவதைவிட, அதை வைத்திருப்பவன் இன்று அதை என்னவாக நினைக்கிறான் என்பதில் தேடுவதுதான் முறை.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. மக்கள் மறந்துவிடவில்லை என்பார்கள் சிலர். 1850 முதல் 1864 வரை தெற்குச் சீனாவை உலுக்கிய தைப்பிங் கிளர்ச்சியாளர்கள் முதல் வேலையாக முன்தலை முடியை வளர்த்தார்கள். அரசு அவர்களை 'நீள்முடியர்' என்றே அழைத்தது. நடுவில் மாட்டிக்கொண்ட கிராமத்தான் மழித்திருந்தால் அவர்கள் வெட்டினார்கள், மழிக்காவிட்டால் அரசுப்படை வெட்டியது. பழைய பகை உயிரோடு இருந்ததற்கு இது சான்று இல்லையா? சான்றுதான். சீன எழுத்தாளர் லூ ஷுன் 1934-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மஞ்சு வேறு சீனர் வேறு என்பதைத் தனக்கு முதலில் உணர்த்தியது புத்தகம் இல்லை, சடைதான் என்கிறார். நாவிதரின் காவடியில் நிற்கும் சிறு கம்பத்தைக் காட்டி, மழிக்க மறுத்தவர் தலையை ஒருகாலத்தில் அதில்தான் தொங்கவிட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்களாம். ஆனால் இந்தக் கதையைச் சொன்ன பெரியவர்கள் அதே நாவிதரிடம் தலையைக் கொடுத்துக் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நினைவும் பற்றும் ஒரே தலையில் குடியிருந்தன. கிளர்ச்சி வந்த இடத்தில் நினைவு விழித்தது. மற்ற நாட்களில் பற்றுதான் ஆண்டது. மஞ்சுப் படைகள் யாங்சோவிலும் ஜியாடிங்கிலும் நடத்திய படுகொலைகளின் பழைய குறிப்புகளை 1900-களில் ஜப்பானில் படித்த சீன மாணவர்கள் தேடியெடுத்து மறுபடி அச்சிட வேண்டியிருந்தது. எரிகிற புண்ணுக்கு இப்படி நினைவூட்டல் தேவைப்பட்டிருக்காது.

அந்த மாணவர்கள்தான் கத்தரியை முதலில் எடுத்தவர்கள். சுன் யாட் சென் 1895-இல் தோற்றுப்போன எழுச்சிக்குப் பின் ஜப்பானில் சடையை நீக்கினார். லூ ஷுன் தோக்கியோவில் நீக்கினார். விடுமுறைக்கு ஊர் திரும்பும் வழியில் ஷாங்காயில் பொய்ச்சடை வாங்கிக் கட்டிக்கொள்ள நேர்ந்தது. அதற்கென்றே அங்கே ஒரு கைகாரர் இருந்தாராம், சடை ஒன்றுக்கு 4 வெள்ளி டாலர், பேரமே கிடையாது. இயந்திரத்தில் சிக்குகிறது, படையில் இடைஞ்சல், வெளிநாட்டில் கேலி, உடம்புக்குச் சுத்தமில்லை என்று சீர்திருத்தக்காரர்கள் அடுக்கிய காரணங்களில் பெரும்பாலானவை சரியானவை. அவற்றை மஞ்சு அரசே கடைசியில் ஏற்றுக்கொண்டது. 1911 டிசம்பரில் விரும்பியவர் சடையை வெட்டிக்கொள்ளலாம் என்று அரண்மனையிலிருந்தே அனுமதி வந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த அரசே இல்லை. விருப்பம்போல் என்ற அந்தச் சொல்லை அப்படியே விட்டிருந்தால் சடை ஒரு தலைமுறையில் தானாகக் கழிந்திருக்கும் என்பது என் எண்ணம். நடந்தது வேறு. நகர வாயில்களில் கத்தரியோடு வீரர்கள் நின்றார்கள். சந்தைக்கு வந்த விவசாயியை மடக்கிப் பிடித்து வெட்டினார்கள். மண்டியிட்டுக் கெஞ்சியவர்கள் உண்டு. பெற்றோர் தந்த உடலுக்கு ஊறு செய்வதா என்று, 1645-இல் கேட்ட அதே கேள்வியை இப்போது சடையின் பக்கம் நின்று கேட்டவர்களும் உண்டு. வெட்டிய சடையைத் துணியில் சுற்றிப் பத்திரப்படுத்தி, சாகும்போது சவப்பெட்டிக்குள் தன்னோடு வைக்கச் சொன்னார்கள். முழு உடம்போடு முன்னோரிடம் போய்ச் சேர வேண்டும் அல்லவா?

அப்படியானால் குடியரசு செய்தது தவறா, சடை இருந்திருக்க வேண்டுமா என்று கேட்டால், இல்லை. ஓர் ஆட்சியின் முத்திரையை அடுத்த ஆட்சி தன் வீரர்களின் தலையிலிருந்தும் அலுவலர்களின் தலையிலிருந்தும் எடுப்பதில் தவறு காண முடியாது. குடிமகனின் தலை வேறு. அவன் அந்த முத்திரையை இருநூறு ஆண்டுகளில் தனக்கென வளர்த்துக்கொண்டதைப் பார்க்க மறுத்ததுதான் தவறு. பக்கத்து நாடான கொரியாவில் 1895 டிசம்பரில் மன்னர் கோஜோங் ஜப்பானியர் வற்புறுத்தலால் உச்சிக்கொண்டையை வெட்டச் சொல்லி ஆணையிட்டபோது, அங்கேயும் தலையை வெட்டிக்கொள், முடியைத் தொடாதே என்று படிப்பாளிகள் எழுந்தார்கள், ஆயுதப் போராட்டமே மூண்டது. சில வாரங்களில் மன்னர் ரஷ்யத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து ஆணையைக் கைவிட்டார். கொரியரின் கொண்டை சொந்த மரபு, சீனரின் சடை திணித்த வழக்கம். பிறப்பில் இத்தனை வேறுபாடு இருந்தும் கத்தரி வந்தபோது இரண்டு நாட்டாருக்கும் வலித்தது ஒன்றுபோலத்தான்.

சடை ஒரே நாளில் மறையவும் இல்லை. ஜாங் ஷுன் என்ற தளபதி தன் படையினர் யாரும் சடையை வெட்டக்கூடாது என்று வைத்திருந்தார். 1917 ஜூலையில் அந்தப் படையோடு பெய்ஜிங்குக்குள் வந்து முன்னாள் பேரரசரான பதினோரு வயது பூயியை மறுபடி அரியணையில் ஏற்றினார். அந்த ஆட்சி நீடித்தது 12 நாள். அவசரத்துக்குச் சடை இல்லாதவர்கள் நாடக உடுப்புக் கடைகளில் குதிரைமுடிச் சடை செய்து வாங்கினார்கள் என்று பூயி தன் சுயசரிதையில் சொல்கிறார். 1920-களின் தொடக்கத்தில் பூயியே சடையை வெட்டிக்கொண்டதும் அரண்மனைக்குள் நூற்றுக்கணக்கான சடைகள் சில நாளில் காணாமல் போயின. பினாங்கில் பிறந்து எடின்பரோவில் படித்த கு ஹோங்மிங், பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் சடையோடுதான் பாடம் நடத்தினார், 1928-இல் இறக்கும்வரை அதை விடவில்லை. பெரும் அறிஞர் வாங் குவோவெய் 1927 ஜூனில் கோடைகால அரண்மனை ஏரியில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டபோதும் அவர் முதுகில் சடை இருந்தது. இருவரும் மேலைநாட்டுத் தத்துவத்தில் ஊறியவர்கள், இருவருமே சீனர்கள், மஞ்சு வம்சத்தார் அல்லர். படிப்பறிவின்மையைக் காரணம் காட்டி இவர்களை விலக்கிவிட முடியாது.

ஹாங்காங் சண்டைப் படங்கள் தமிழில் பேசி வீட்டுக்குள் வந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. 1991-இல் ஜெட் லீ நடித்து வந்த வோங் ஃபெய் ஹுங் படத்தில், நாயகன் சுழலும்போது சாட்டையாகச் சுழல்கிற அந்தக் கனத்த சடையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அது சரியான சடைதான். படத்தின் நாயகனான வோங் ஃபெய் ஹுங் 1847-இல் பிறந்தவர், அவர் காலத்தில் அதுதான் வழக்கம். ஆனால் மிங் அரசு வீழ்ந்த காலத்தையோ முதல் மஞ்சுப் பேரரசர்களையோ காட்டும் தொடரிலும் இதே சடையைத் தொங்கவிட்டிருந்தால் அது தவறு என்று சொல்லிவிடுங்கள். அன்றைய ஆணையின்படி ஓர் ஆணின் தலையில் இருந்தது செப்புக்காசின் ஓட்டைக்குள் நுழைகிற ஒரு பின்னல் மட்டுமே. அந்தக் கனம் வந்து சேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன.